மூட்டையை அடுக்கும் முன் பாரத்தைக் கணக்கிடுங்கள்

விளைந்ததை வீடு கொண்டு வந்து சேர்ப்பது பாதி வேலைதான். சேர்த்ததைக் கெடாமல் வைத்திருந்து, நல்ல விலை வரும்போது விற்பதில்தான் உழவரின் ஆதாயம் அடங்கியிருக்கிறது. தானியத்தைப் பூச்சியிடமிருந்தும் எலியிடமிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பது எப்படி என்று விவசாயிகள் பலமுறை கேட்டிருப்பார்கள். ஆனால், அடுக்கி வைத்த தானியத்திடமிருந்து மனிதரைக் காப்பது எப்படி என்பது பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

கர்நாடக மாநிலம் விஜயபுராவில் 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மாலை தானியப் பதன ஆலை ஒன்றில் சேமிப்பு அமைப்பு சரிந்தது. மக்காச்சோளத்தின் அடியில் சிக்கி 7 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். எல்லோரும் பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நீரில் மூழ்குவதைப் போலவே தானியத்திலும் மூழ்க முடியும். மார்பளவு தானியத்தில் புதைந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்துவிட முடியாது.

இது பெரிய ஆலைகளுக்கு வருகிற விபத்து, நமக்கு இல்லை என்று எண்ண வேண்டாம். இன்று ஊருக்கு ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு பழைய வீட்டையோ ஆலைக் கொட்டகையையோ வாடகைக்குப் பிடித்து, அதில் நெல்லையும் உரத்தையும் அடுக்குகின்றன. இடம் போதாத நிலையில் இரும்பு ரேக் வாங்கிப் போடுகின்றன. வீட்டில் வைப்பவர்கள் மாடியறையில் அடுக்குகிறார்கள். எந்த இடமானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தத் தளம், இந்தத் தட்டு, இந்தக் கால் எத்தனை கிலோ தாங்கும்?

வீட்டுத் தளம் வேறு, கிடங்குத் தளம் வேறு

கட்டடத்தின் மேல் வரும் பாரத்தைக் கணக்கிடுவதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 875 என்ற தரத்தை வகுத்துள்ளது. 1987-இல் வெளியான அதன் இரண்டாம் பகுதி, குடியிருக்கும் வீட்டின் அறைக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ என்று பாரம் வைத்தது. படியேறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு ஏறத்தாழ 150 கிலோ. மனிதர், கட்டில், அலமாரி என்ற கணக்கில் வகுத்த அளவு இது.

இப்போது நெல்லின் கணக்கைப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் நெல் ஏறத்தாழ 600 கிலோ இருக்கும். 40 கிலோ நெல் மூட்டையைப் படுக்க வைத்தால், ஓர் அடுக்கிலேயே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ வந்துவிடும். இரண்டு அடுக்கு வைத்ததும் வீட்டறையின் 200 கிலோ கணக்குத் தீர்ந்து போகிறது. பத்தடி உயரத்திற்கு அடுக்கினால் சதுர மீட்டருக்கு 1,800 கிலோ. அதாவது அறைக்கு வகுத்த பாரத்தைப் போல ஒன்பது மடங்கு.

தளம் உடனே விழுந்துவிடவில்லை என்பதால் அது தாங்கிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கட்டுவோர் பாதுகாப்புக்காகக் கூடுதலாக வைத்திருக்கும் வலுவைத்தான் அந்த மூட்டைகள் தின்றுகொண்டிருக்கும். கம்பி துருப்பிடித்த பழைய தளமாகவோ மழைநீர் ஊறிய தளமாகவோ இருந்தால் அந்தக் கூடுதல் வலுவும் இராது. தளத்தின் அடிப்புறத்தில் நடுவில் கீறல் தெரிந்தாலும், சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தாலும், கீழறைக் கதவு திடீரென்று நிலையில் இடித்தாலும் தளம் தொய்ந்து வருகிறது என்று பொருள். மூட்டைகளை அன்றே கீழே இறக்க வேண்டும்.

ஆகவே மாடியறையிலும் மொட்டை மாடியிலும் மூட்டை அடுக்குவதைத் தவிர்ப்பதே நலம். மொட்டை மாடியில் நெல்லை மெல்லப் பரப்பிக் காயவைக்கலாம். காய்ந்ததை அங்கேயே மூட்டை பிடித்து, தார்ப்பாய் போட்டு ஒரு மாதம் வைத்திருக்கக் கூடாது. மாடியில் வைத்தே ஆக வேண்டுமென்றால் சுவரோரமாக ஒரே அடுக்காகப் பரத்தி வையுங்கள். அறையின் நடுவில் குவிக்காதீர்கள்.

பொறியாளரிடம் என்ன சொல்ல வேண்டும்?

புதிதாகக் கிடங்கு கட்டும்போது, "ஆயிரம் சதுர அடியில் ஒரு கிடங்கு" என்று மட்டும் சொன்னால் போதாது. மேற்சொன்ன தரம் கிடங்குகளுக்கு, அடுக்கும் உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 கிலோ என்றும், எப்படியும் 750 கிலோவுக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. இது குறைந்த அளவுதான். உண்மையான பாரம் இதைவிட அதிகமானால் உண்மையான பாரத்துக்கே கட்ட வேண்டும். நெல்லே மீட்டர் உயரத்துக்கு 600 கிலோ என்று பார்த்தோம். மக்காச்சோளம் 700 கிலோவுக்கு மேல். அரிசி ஏறத்தாழ 800 கிலோ. டி.ஏ.பி. போன்ற உரங்கள் இன்னும் கனமானவை.

எனவே பொறியாளரிடம் மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்லுங்கள். என்ன பொருள் வைக்கப் போகிறீர்கள்? எத்தனை அடி உயரம் அடுக்குவீர்கள்? தரையில் அடுக்குவீர்களா, ரேக்கில் அடுக்குவீர்களா? தரையில் அடுக்கினால் பாரம் பரவலாக இறங்கும். ரேக்கில் அடுக்கினால் அத்தனை பாரமும் நான்கைந்து கால்களின் வழியே புள்ளி புள்ளியாக இறங்கும். ஒரே எடையானாலும் தரைக்கு இரண்டும் ஒன்றல்ல.

தரையின் அடியில் இருக்கும் மண்ணையும் மறக்கக் கூடாது. பள்ளத்தை மண்ணடித்து உயர்த்தினால் ஒரேயடியாகக் கொட்டி மேலே கான்கிரீட் போடக் கூடாது. முக்காலடி கனத்துக்கு ஒரு படிவமாகப் போட்டு, நீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழைக்குப் பின் தரை இறங்கி, அதன் மேலிருக்கும் அட்டியும் சாயும். கோவில்பட்டி, விருதுநகர் போன்ற கரிசல் பகுதிகளில் மண் மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். அங்கே அடித்தளம் பற்றிப் பொறியாளரின் யோசனை இன்றியமையாதது.

அட்டி போடும் முறை

தரையில் அடுக்கும் அட்டிக்கு முதல் தேவை அடித்தளக் கட்டை. மரச்சட்டங்களையோ மூங்கில் பாயையோ விரித்து, அதன் மேல் மூட்டையை வைக்க வேண்டும். வெறும் தரையில் வைத்தால் ஈரம் ஏறி அடி மூட்டை நைந்து போகும். மேலே எவ்வளவு நேர்த்தியாக அடுக்கினாலும், அடி மூட்டை அமுங்கினால் அட்டி ஒருபக்கம் சாய்வதைத் தடுக்க முடியாது.

சுவருக்கும் அட்டிக்கும் இடையே இரண்டரை அடி இடைவெளி விடுங்கள். வெளிச்சம், காற்று, பூச்சிமருந்து ஆகியவற்றுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டப்பட்டது. பக்கவாட்டில் தள்ளும் பாரத்தைத் தாங்க அல்ல. அட்டி சுவரின் மேல் சாய்ந்தால் ஒன்பது அங்குலச் சுவரும் வெடிக்கும். மூட்டை இல்லாமல் அறை நிறைய நெல்லைக் கொட்டி வைப்பது இதைவிடக் கேடு. கொட்டிய தானியம் நீரைப் போலவே நாற்புறமும் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும். குதிரும் பத்தாயமும் அந்தத் தள்ளலைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. நம் வீட்டு அறைச் சுவர் அப்படிப்பட்டதல்ல.

மூட்டைகளை ஒரே போக்கில் அடுக்காமல், ஓர் அடுக்கு நீளவாக்கில் என்றால் அடுத்த அடுக்கைக் குறுக்குவாக்கில் வையுங்கள். செங்கல் சுவரில் இணைப்புக்கு மேல் இணைப்பு வராமல் கட்டுவதைப் போல, மூட்டைகளும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். மூட்டையின் வாய் அட்டியின் உட்புறம் நோக்கி இருக்கட்டும். உயரம் போகப் போக அட்டியைச் சற்று உள்வாங்கிக் கட்ட வேண்டும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளிலும், பத்து மூட்டை உயரத்துக்கு ஒரு முறையாவது அடுக்கை உள்வாங்கி, மூட்டைகளைக் குறுக்கே மாட்டி அடுக்க வேண்டும் என்று உள்ளது.

சணல் சாக்குக்குப் பிடிப்பு உண்டு. பிளாஸ்டிக் இழைச் சாக்கு வழுக்கும். சணல் சாக்கில் அடுக்கிய அதே உயரத்துக்குப் பிளாஸ்டிக் சாக்கையும் அடுக்குவது தவறு. இரண்டையும் ஒரே அட்டியில் கலப்பதும் கூடாது.

அட்டியைப் பிரிக்கும்போதுதான் பெரும்பாலும் ஆபத்து வருகிறது. அவசரத்துக்கு இரண்டு மூட்டை வேண்டுமென்று கையெட்டும் உயரத்தில் நடுவிலிருந்து உருவுவது பல இடங்களில் வழக்கமாக உள்ளது. அப்படி உருவிய இடத்துக்கு மேலே இருக்கும் மூட்டைகளுக்கு அப்புறம் பிடிமானமே இல்லை. மேலடுக்கிலிருந்து படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். சுமைதூக்கும் தொழிலாளர் அட்டி நிழலில் படுத்து இளைப்பாறுவதையும், பிள்ளைகள் அட்டிகளின் இடையே ஒளிந்து விளையாடுவதையும் கட்டாயம் தடுக்க வேண்டும்.

இரும்பு ரேக்கின் கணக்கு

விதைப் பொட்டலம், பூச்சிமருந்துப் பெட்டி, உர மூட்டை ஆகியவற்றை வகை வகையாக வைப்பதற்கு ரேக் வசதியானது. ஆனால் கடையில் விற்கும் எல்லா ரேக்கும் ஒன்றல்ல. அலுவலகக் கோப்பு வைப்பதற்கான ரேக்கில் உர மூட்டை வைப்பது, மிதிவண்டியில் டிராக்டர் பாரம் ஏற்றுவதற்குச் சமம். வாங்கும்போதே ஒரு தட்டுக்கு எத்தனை கிலோ, முழு ரேக்குக்கு எத்தனை கிலோ என்று விற்பவரிடம் எழுத்து மூலம் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் ரேக் வாங்க வேண்டாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எட்டடி நீள ரேக்கில் நான்கு தட்டுகள். தட்டுக்கு 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ஆறு என்றால் 300 கிலோ. நான்கு தட்டுக்கும் சேர்த்து 1,200 கிலோ. நான்கு கால்கள் பகிர்ந்துகொண்டால் காலுக்கு 300 கிலோ. இதே ரேக்கின் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்து, நடுக்காலைப் பொதுவாக வைத்தால் அந்த நடுக்கால்கள் இருபுறப் பாரத்தையும் சுமக்கும். அப்போது காலுக்கு 600 கிலோ ஆகிவிடும். தள்ளுவண்டியோ தூக்கு எந்திரமோ நடுக்காலில் இடித்து வளைத்தால் இரண்டு ரேக்கும் சேர்ந்தே விழும். நீள வரிசையாக இருந்தால் ஒன்று அடுத்ததை இழுத்து வரிசை முழுவதும் சரியும்.

காலின் அடியில் இரும்புத் தகடு கட்டாயம் இருக்க வேண்டும். ஆங்கிளின் மெல்லிய விளிம்பு நேராகத் தரையில் நின்றால், அத்தனை பாரமும் இரண்டு மூன்று சதுர சென்டிமீட்டரில் குத்தும். சிமெண்ட் பூச்சும் தரை ஓடும் நொறுங்கிக் கால் இறங்கும். 10 சென்டிமீட்டர் சதுரத் தகடு இருந்தால் அதே பாரம் 100 சதுர சென்டிமீட்டரில் பரவும். தகட்டைக் கான்கிரீட் தரையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். கல்லையும் மரத்துண்டையும் முட்டுக் கொடுத்து ரேக்கை மட்டம் செய்வது கூடாது.

ரேக்கின் முதுகுப்புறத்திலும் பக்கங்களிலும் மூலைக்கு மூலை போகும் குறுக்குப் பட்டைகள் அழகுக்காக இல்லை. வெறும் தீப்பெட்டிக் கூட்டைப் பக்கவாட்டில் அமுக்கிப் பாருங்கள், படுத்துவிடும். அதன் உள்ளே மூலைக்கு மூலை ஒரு குச்சியைப் பொருத்தினால் நிற்கும். குறுக்குப் பட்டை செய்யும் வேலை அதுதான். பின்பக்கமிருந்தும் சரக்கெடுக்க வசதியென்று அதைக் கழற்றிவிட்டால், ரேக் வெறும் தீப்பெட்டிக் கூடாகிறது.

கீழ்த்தட்டைக் கழற்றாதீர்கள்

கிடங்குகளில் நடக்கும் இன்னொரு தவறு, கீழ்த்தட்டைக் கழற்றிவிடுவது. பெரிய பீப்பாயைத் தள்ளி வைக்க இடம் வேண்டுமென்று அடித்தட்டை எடுத்துவிடுவார்கள். பாரம் குறைந்ததுதானே என்று தோன்றும். உண்மையில் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பிடி போய்விடுகிறது. நீண்ட மூங்கில் கழியை நிற்க வைத்து மேலிருந்து அழுத்தினால் நடுவில் வளையும். நடுவில் ஒருவர் பிடித்துக்கொண்டால் வளையாது. மெல்லிய காலில் பிடிப்பில்லாத நீளம் இரண்டு மடங்கானால், வளையாமல் தாங்கும் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். ஆகவே தட்டுகளின் இடத்தை மாற்றுவதாக இருந்தால் ரேக் விற்றவரையோ பொறியாளரையோ கேட்காமல் செய்யக் கூடாது.

ரேக்கின் உயரம் அதன் ஆழத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் இருந்தால் தானாக நிற்கும் என்று நம்பக் கூடாது. தரையோடு பிணைப்பதுடன், இரண்டு ரேக்குகளை முதுகோடு முதுகாகச் சேர்த்துப் பிணைப்பதும் நல்லது. கனமானவை கீழ்த்தட்டிலும் இலேசானவை மேல்தட்டிலும் இருக்கட்டும். பூச்சிமருந்துகளில் நீர்மத்தைக் கீழேயும் தூளை மேலேயும் வையுங்கள். கசிந்தால் ஒன்றின் மேல் ஒன்று வடியாது. தானியமும் பூச்சிமருந்தும் ஓரறையில் இருக்கவே கூடாது.

மாதம் ஒரு முறை சோதனை

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனாரின் தூக்குக்குண்டு, ஒரு மீட்டர் நேரான இரும்புப் பட்டை, ஓர் அளவுகோல் ஆகியவை போதும். பட்டையைக் காலோடு ஒட்டி வைத்து, வளைந்த இடத்தில் இடைவெளியை அளக்க வேண்டும். ரேக்கைப் பயன்படுத்துவது, பராமரிப்பது பற்றிய ஐரோப்பியத் தரத்தின்படி, கால் ரேக்கின் நீளவாக்கில் 5 மில்லிமீட்டருக்கு மேலோ, ஆழவாக்கில் 3 மில்லிமீட்டருக்கு மேலோ வளைந்திருந்தால் அது பழுது. பக்கச் சட்டத்தின் குறுக்குப் பட்டைக்கு 10 மில்லிமீட்டர் வரை விலக்கு உண்டு. எல்லையைத் தாண்டினால் சரக்கை எடுத்த பின் அந்த இடத்தில் மறுபடி ஏற்றாமல் பழுது பார்க்க வேண்டும். எல்லையைப் போல இரண்டு மடங்கு வளைந்திருந்தால் உடனே இறக்கிவிட வேண்டும். வளைந்த காலைக் காய்ச்சி அடித்து நிமிர்த்துவது கூடாது. நிமிர்ந்து தெரிந்தாலும் பழைய வலு திரும்பாது. மாற்றுவதே முறை.

தட்டைத் தாங்கும் சட்டம் பாரத்தில் சற்றுத் தொய்வது இயல்பு. நீளத்தில் 200-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது. எட்டடிச் சட்டத்துக்கு அது 12 மில்லிமீட்டர். போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, சட்டத்தின் கொக்கிகள் காலில் முழுதும் அமர்ந்திருக்கின்றனவா, பூட்டு முள் இருக்கிறதா என்றும் பாருங்கள். உரம் சிந்திய இடத்தில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். காலின் அடியைக் கூட்டித் துடைத்துக் கவனித்துப் பாருங்கள்.

அனுமதியும் ஆவணமும்

கிடங்குதானே, ஊருக்கு ஒதுக்குப்புறம்தானே என்று அனுமதியின்றிக் கட்டுவது பின்னால் தொல்லை தரும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஊராட்சிப் பகுதிகளையும் தழுவியவை. வரைபடம் தயாரிக்கும் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்து, எந்த அதிகாரியின் அனுமதி தேவை என்று அறிந்துகொள்ளுங்கள். குடியிருப்பு வீட்டைக் கிடங்காக மாற்றும்போதும் இதைக் கேட்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு சேமிப்புக் கட்டடங்களைத் தனிப் பிரிவாக வைத்தது. வீட்டின் கணக்கு கிடங்குக்கு ஆகாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கட்டட வரைபடம், பொறியாளர் தந்த பாரக் கணக்கு, ரேக் விற்றவர் எழுதிக் கொடுத்த அளவு, மாதச் சோதனைக் குறிப்பு ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமானால், ஆண்டுப் பொதுக்குழுவில் வரவுசெலவு படிக்கும்போது இந்தக் கோப்பையும் உறுப்பினர் கேட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது உறுப்பினரின் சொத்து. அதைத் தூக்கி இறக்குபவர்களும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்களே. காப்பீடு எடுக்கும்போது, அட்டி அல்லது ரேக் சரிவதால் வரும் சேதம் அதில் அடங்குமா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

அளவைச் சுவரில் எழுதுங்கள்

இவ்வளவு கணக்கும் கோப்பில் மட்டும் இருந்தால் பயனில்லை. மூட்டை தூக்குபவர் கோப்பைப் படிக்கப் போவதில்லை. ஆகவே ஒவ்வொரு ரேக்கிலும், "இந்தத் தட்டுக்கு 6 மூட்டை, 300 கிலோ. அதற்கு மேல் வைக்கக் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். அட்டி போடும் இடத்தில், கூடிய உயரம் எதுவோ அந்த உயரத்தில் நாற்புறச் சுவரிலும் சிவப்புக் கோடு இழுங்கள். கோட்டுக்கு மேல் ஒரு மூட்டையும் ஏறக் கூடாது. அறுவடைக் காலத்தில் வண்டிகள் வாசலில் வரிசையாக நிற்கும்போது, "இன்னும் ஓரடுக்குதானே" என்ற பேச்சு வரும். அந்த நேரத்தில் வாதாடிக்கொண்டிராமல் கோட்டைக் காட்டிவிடலாம்.

ஒரு டப்பா வண்ணமும் ஒரு நாள் கூலியும் இதற்கு ஆகும் செலவு. வரும் அறுவடைக்கு முன் உங்கள் கிடங்கிலும் வீட்டிலும் மூட்டை வைக்கும் இடத்தை ஒரு முறை அளந்து, கணக்கிட்டு, இந்தக் கோட்டை இழுத்துவிடுங்கள். அதன் பிறகு அடுக்கத் தொடங்குங்கள்.